மாத்திரைக் காசைக் கவரில் வைக்கலாமா?

கேள்வி: கணவருக்கு மாதம் 24,000 ரூபாய் சம்பளம், வாடகையே 9,000. மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. மூன்று மாதமாகச் சபைக்குத் தசமபாகம், அதாவது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்க முடியவில்லை. கொடுக்காதவர்கள் மல்கியா தீர்க்கதரிசி சொன்ன சாபத்தின்கீழ் இருக்கிறார்கள் என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னார். பயந்துபோய், மாமியாருக்குப் பதினைந்து நாள் மாத்திரை மட்டும் வாங்கிவிட்டு மிச்சத்தைக் குடும்ப நம்பர் போட்ட காணிக்கைக் கவரில் வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
- ஒரு சகோதரி, பெரம்பூர்

பதில்: சரியில்லை, சகோதரி. ஆனால் உங்களைவிட, உங்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்பது மாற்கு 7-ல் இருக்கிறது. வீட்டாரை விசாரியாதவன், அதாவது பராமரிக்காதவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. உங்கள் மாமியாரின் மாத்திரை இந்தக் கணக்கில்தான் வருகிறது.

தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ வாசிக்கிறவர்கள் ஐந்து வசனம் மேலே போய் வாசிக்க வேண்டும். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவர்களையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சி சொல்ல வருகிறார் அங்கே. இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தாலோ எடுத்த எடுப்பிலேயே “ஆசாரியர்களே” என்று அவர்களைத்தான் கூப்பிடுகிறார். அந்தப் பண்டசாலையும் பணப்பெட்டி இல்லை, விளைச்சல் வந்து சேர்ந்த இடம். நிலத்தில் பங்கு இல்லாமல் ஆலய ஊழியம் செய்த லேவியர் அதிலிருந்துதான் சாப்பிட்டார்கள். உபாகமம் 14-ஐப் பாருங்கள்: தசமபாகத்தைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது, மூன்றாம் வருஷத்துப் பங்கை லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் திருப்தியாகச் சாப்பிட ஊர் வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறது. பசித்தவனுக்குப் போக வேண்டியதைப் பசித்தவனிடமே வசூல் செய்தால் அதற்கு என்ன பெயர்?

சாபம் என்ற பேச்சே வேண்டாம். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லும்போது, 2,400 ரூபாய்க்காக அதைத் திரும்ப யாரும் உங்கள் தலையில் ஏற்ற முடியாது.

அப்புறம், கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த என் பாட்டி, அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருந்த பழைய பால்பவுடர் டின்னில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் கோயிலுக்குப் போகும். அப்பாவுக்கு வேலை போன வருஷம் ஒரு சாயங்காலம் சங்கத்து அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு அரிசிப் பை கொண்டுவந்தார், புழுங்கலும் பச்சையும் கலந்த பிடியரிசி. பாட்டி அதை வாங்கி உலையில் போட்டார், போடும் முன் ஒரு பிடி டின்னுக்கு எடுத்துவைத்தார். எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் முதலில் பார்த்தது அந்த டின்னில்தான்.

மாதம் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, பிடித்தம் போக வருவதில் பத்தா, பிடித்தத்துக்கு முன்னால் பத்தா என்று எனக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் மிச்சப் பதினைந்து நாள் மாத்திரையை வாங்குங்கள். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாடகை, மருந்து, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, மனதுக்குச் சந்தோஷமாகத் தோன்றுவதை, ஐம்பது ரூபாயானாலும், கொடுங்கள். கவரில் ஏன் குறைகிறது என்று போதகர் கேட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அவர் எனக்கு எழுதட்டும், நான் பதில் சொல்கிறேன்.