சாவியைத் திருப்பினால் கணினி ஏன் அணைகிறது?

என் காரில் நானே செய்து பொருத்திய சிறு கணினியைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாடம் நடத்தியவன் நான். கணினியைப் பின்னால்தான் கற்றேன். ஆகவே என் பதில்கள் வயரிங் பக்கமே சாய்ந்திருக்கும். வந்த கடிதங்களில் சிலவும் என் பதில்களும் இதோ.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியை வாங்கி, 7 அங்குலத் திரையுடன் அப்பாவின் காரில் வைத்தேன். சிகரெட் லைட்டர் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அணைந்து மறுபடி தொடங்குகிறது. இரண்டு மெமரி கார்டுகள் பாழாகிவிட்டன. “கழற்றி எறி” என்கிறார் அப்பா. — அம்பத்தூர் வாசகர்

கழற்ற வேண்டாம், தம்பி. கணினியில் பிழை இல்லை. செல்ஃப் எடுக்கும் ஓரிரு நொடிகளில் காருக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், 12.6 வோல்ட்டில் நின்ற பேட்டரி 9 வோல்ட்டுக்குச் சரிகிறது. வயதான பேட்டரி இன்னும் கீழே போகும். அதே நேரத்தில் பெரும்பாலான கார்களில் ரேடியோவுக்கும் லைட்டர் சாக்கெட்டுக்கும் போகும் இணைப்பைச் சாவியே துண்டித்துவிடும். செல்ஃப் எடுக்கும்போது ரேடியோ ஒரு கணம் ஊமையாவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கணத்தில்தான் உங்கள் மெமரி கார்டும் பாழாகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்தக் கார்டும் தாங்காது.

ரேடியோவுக்குப் பின்னால் வரும் வயர்களில் வழக்கமாக மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். கணினிக்கு மஞ்சளிலிருந்து மின்சாரம் எடுங்கள். பை 4, திரை இரண்டும் சேர்ந்து சுமார் 15 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது ஒன்றேகால் ஆம்பியர்தான். எனவே 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ், வயர் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது கணினியை அல்ல, வயரை. கணினிப் பக்கம் ஃபியூஸ் வைத்துவிட்டு நடுவில் வயர் நசுங்கினால் டேஷ்போர்டுக்குள் தீதான். இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அடுத்தது 12 வோல்ட்டை 5.1 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர். 8 வோல்ட்டிலிருந்து 36 வோல்ட் வரை உள்ளே வாங்கக்கூடியதாகவும் 5 ஆம்பியர் தரக்கூடியதாகவும் பார்த்து வாங்குங்கள். ரிச்சி தெருவில் இவை குவிந்து கிடக்கின்றன. ஆனால் மேலே அச்சடித்த ஆம்பியரை நம்பி வாங்கக் கூடாது. நான் எப்போதும் ஒரு மல்டிமீட்டரும் 2 ஓம் பவர் ரெசிஸ்டரும் கையோடு கொண்டுபோவேன். அந்த ரெசிஸ்டர் இரண்டரை ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட் 5க்குக் கீழே இறங்கினால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவேன். திரையின் ஓரத்தில் சிறிய மின்னல் குறி தெரிகிறதா? மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதைப் பை அப்படித்தான் சொல்கிறது.

மஞ்சளிலேயே விட்டால் கணினி இரவெல்லாம் ஓடும். சும்மா இருக்கும் பை கூட நாளொன்றுக்கு 6, 7 ஆம்பியர்-மணியைத் தின்னும். சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் அப்பாவின் வண்டி கிளம்பாது. எனவே சிவப்பு வயரைக் கணினிக்குச் செய்தி சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒளி மூலம் மட்டும் செய்தி கடத்தும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளருக்குச் சிவப்பைக் கொடுத்து, அதன் மறுபக்கத்தைப் பையில் வெளிச் செய்தியை வாங்கும் ஜிபிஐஓ முனையில் இணைக்க வேண்டும். நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். அந்த முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சாவியை எடுத்ததும் கணினி தானாக முறைப்படி மூடிக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து டைமர் ரிலே, அதாவது நேரம் குறித்து இயங்கும் ஸ்விட்ச், மின்சாரத்தைத் துண்டிக்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அமைப்பில் ‘ஓவர்லே ஃபைல் சிஸ்டம்’ என்பதையும் இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. என் கார்டு நான்காண்டுகளாக அப்படியே இருக்கிறது.

வேலை முடியும் வரை என் கார் தரமணியில் வெட்டவெளியில் நிற்கிறது. மாலையில் திரை கறுத்துப்போய் எதுவும் தெரிவதில்லை. ஏசி போட்டு அரை மணி கழித்துச் சரியாகிறது. திரை கெட்டுவிட்டதா? — மேடவாக்கம் வாசகி

கெடவில்லை அம்மா, இன்னும். சூடு அளவு மீறும்போது எல்சிடி திரையிலுள்ள திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து கறுக்கும், ஆறினால் திரும்பும். ஆனால் இதே பாட்டைத் தினமும் பட்டால் அதன் ஆயுள் குறையும். 2003 மே 31 அன்று நம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் வைத்து அளந்தது. கண்ணாடி மூடிய காருக்குள், டேஷ்போர்டின் மேல்புறத்தில் கதையே வேறு. போன கத்திரி வெயிலில் திருவான்மியூர்க் கடற்கரையோரம் வண்டியை நிறுத்தி நானே உணரி வைத்து அளந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 74 டிகிரி. பையின் சிப் 80 டிகிரியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். 74இல் தொடங்குகிற கணினிக்கு என்ன மிச்சம்?

திரையைக் கழற்றி மாட்டும் பிடியில் வையுங்கள். இறங்கும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கணினிப் பெட்டியை டேஷ்போர்டின் மேலே வைக்கவே கூடாது. பவர் பேங்க், லித்தியம் பேட்டரி எதையும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள்.

இருக்கைக்கு அடியில் வைக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குளிர்ச்சியான இடம்தான். நானும் அங்குதான் வைத்திருந்தேன். 17 சென்டிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் கணினிப் பலகை, நானே வளைத்த அலுமினியப் பெட்டி, இரண்டு ஆண்டு உழைப்பு. 2015 டிசம்பரில் முடிச்சூரில் தண்ணீர் வந்த இரவு வண்டி இருக்கை மட்டத்துக்கு முழுகியது. மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது சேறு வழிந்தது. இப்போது டேஷ்போர்டிலுள்ள கையுறைப் பெட்டிக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால், முழங்காலுக்கு மேலே வைத்திருக்கிறேன். அங்கே ஏசி காற்றின் குழாய் ஒன்று பக்கத்திலேயே போகிறது. ஏர்பேகுக்குப் போகும் மஞ்சள் உறையிட்ட வயர்களை மட்டும் தொடாதீர்கள், அவற்றின் பாதையில் எதையும் பொருத்தாதீர்கள்.

கால் டாக்சி ஓட்டுகிறேன். என் வண்டியில் வெப்பமானி கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். இன்ஜின் சூட்டை எண்ணில் பார்க்க முடியுமா? — ராயபுரம் வாசகர்

முடியும், நீங்கள் அவசியம் பார்க்கவும் வேண்டும். கத்திப்பாராவில் அரை மணி ஊர்ந்துவிட்டு விளக்கு எரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்; வண்டியின் நிலையைப் படிக்கும் வாசல் அது. அதில் ஈஎல்எம்327 அடாப்டரைச் செருகி, கணினியிலிருந்து 0105 என்று கேட்டால் வண்டி ‘41 05 82’ என்பது போலப் பதில் தரும். கடைசி எண் பதினாறடிமானம், அதாவது பத்துக்குப் பதில் பதினாறால் எண்ணுவது. 82 என்றால் 8 × 16 + 2, அதாவது 130. அதிலிருந்து 40ஐக் கழித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு 90 டிகிரி. கையடக்கப்பேசிச் செயலிகளும் இதையே செய்கின்றன. நான் 105 டிகிரி தாண்டினால் மணி அடிக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். 16ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு, எனவே இரவில் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எதையும் எழுதி மாற்ற வேண்டாம்.

ஓட்டும்போது முன் திரையில் படம் ஓடும்படி செய்யலாமா? — பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூடாது. அதற்கு வழி சொல்லித் தர மாட்டேன்.

வயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். — பெரம்பூர் வாசகர்

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. காரின் சொந்த வயரை வெட்டாதீர்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் உங்கள் மாடலின் ரேடியோவுக்குப் பொருந்தும் கப்ளர், அதாவது செருகி இணைக்கும் முனை, கிடைக்கும். அதன் வயரிலிருந்து கிளை எடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சென்னைச் சூட்டில் டேப்பின் பசை இளகி, இரண்டாவது கோடையில் வயர் வெளியே எட்டிப் பார்க்கும். இடுக்கியால் நசுக்கிக் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். சென்ற மாதம் சர்வீசுக்கு விடுவதற்கு முன் என் கணினியைக் கழற்றினேன். நான்கு திருகுகள், இரண்டு கப்ளர்கள், இருபது நிமிடம். பழைய ரேடியோ தன் இடத்தில் உட்கார்ந்து பாடியது.