வயதான, அதிகம் ஓடாத பிக்கப்: ஐடிலில் வரும் லேசான உதறல் பற்றிக் கேள்வி பதில்

ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. நிறுத்தி ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் மட்டும் ஓடும் நிலை) விட்டால் மட்டும் சீட்டும் ஸ்டீயரிங்கும் லேசாக உதறும். மாடல் பழசு, ஓடிய தூரம் குறைவு. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். டீசல் என்று சொல்லாத இடமெல்லாம் பெட்ரோல் என்ஜின் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2006 மாடல், வி6, ஆட்டோமேட்டிக். 70,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போது உதறுகிறது, நியூட்ரலுக்கு மாற்றினால் குறைகிறது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: இப்போது எதையும் மாற்ற வேண்டாம். முதலில் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: என்ஜின் ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா, இல்லை ஒழுங்காக ஓடும் என்ஜினின் அதிர்வு தடுக்கப்படாமல் கேபினுக்குள் வருகிறதா? முதலாவது என்றால் பிளக், காயில், எரிபொருள், காற்று என்று தேட வேண்டும். இரண்டாவது என்றால் மவுண்டிங் (என்ஜினைச் சட்டத்தில் தாங்கும் ரப்பர் தாங்கி), சைலன்சர் பைப் பக்கம் போக வேண்டும். இதைப் பிரிக்காமல் பாகம் மாற்றினால் பணம்தான் போகும்.

பிரிப்பதற்குக் கொஞ்சம் கணக்கு உதவும். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். 700 ஆர்.பி.எம். ஐடிலில் ஆறு சிலிண்டர் என்ஜின் வினாடிக்குச் சுமார் 35 முறை எரிகிறது. மவுண்டிங் போனால் இந்த வேகமான அதிர்வுதான் உள்ளே வரும். இடைவிடாத, சீரான ரீங்காரம் மாதிரி இருக்கும், கண்ணாடியில் தெரியும் பிம்பம் மங்கும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் அந்தக் குலுக்கல் வினாடிக்கு ஏறக்குறைய ஆறு முறைதான் வரும். அது மெதுவான ஆட்டம், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். எப்போதாவது ஒரு தட்டு, அப்புறம் அமைதி, மறுபடி ஒரு தட்டு என்று வந்தால் எரிப்பு அவ்வப்போது தவறுகிறது.

நியூட்ரலில் குறைவதை வைத்து மட்டும் மவுண்டிங்தான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். டி-யில் டார்க் கன்வர்ட்டர் (என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) என்ஜின் மேல் சுமை ஏற்றுகிறது. அந்தச் சுமையில் கெட்டுப்போன மவுண்டிங்கும் காட்டிக்கொடுக்கும், பலவீனமான சிலிண்டரும் காட்டிக்கொடுக்கும். ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க உடம்பு மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங் பக்கம் சந்தேகம் அதிகம். முள் துள்ளினால் என்ஜின் பக்கம். சில வண்டிகளில் டேஷ்போர்டு முள் சின்ன ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும், அதனால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) பார்ப்பது மேல். இன்னொன்று, சைலன்சர் வாய்க்கு அருகே ஒரு தாளைப் பிடியுங்கள். சீராகப் படபடத்தால் நல்லது. இடையிடையே தாள் உள்ளே இழுக்கப்பட்டால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை, அல்லது எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை.

இந்த விவரங்களோடு திரும்பி எழுதுங்கள்.

கேள்வி: 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் மவுண்டிங் எப்படிப் போகும்? நம்ப முடியவில்லை.

பதில்: ரப்பருக்கு ஓடோமீட்டர் தெரியாது. வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், கசியும் எண்ணெய் மூன்றும் சேர்ந்து அதை இறுக்கி வெடிக்க வைக்கும், வண்டி நின்றுகொண்டிருந்தாலும். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் என்றால் உறை கிழிந்து திரவம் கசிந்துவிடும். மவுண்டிங்கின் கீழே ஈரமோ கருப்புக் கறையோ இருக்கும். வெளியே முழுசாகத் தெரிந்தும் உள்ளே காலியாக இருக்கலாம்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். பானட் திறந்திருக்கட்டும், சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கை பிரேக்கும் கால் பிரேக்கும் முழுசாகப் பிடித்திருக்கட்டும். உள்ளே இருப்பவர் டி, ஆர் என்று மாற்ற, பார்ப்பவர் பக்கவாட்டில் நின்று என்ஜினைக் கவனிக்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் கொஞ்சம் சாய்வது இயல்பு. ஒரு பக்கம் தூக்கி ‘டக்’ என்று விழுந்தால் அந்தப் பக்க மவுண்டிங் முடிந்தது.

கேள்வி: விளக்கு எரியவில்லை என்றால் மிஸ்ஸிங் இல்லை என்றுதானே அர்த்தம் சார்?

பதில்: இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் வரும் சின்னத் தடுமாற்றத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை, அதாவது எரிப்பு தவறுவதை, எண்ணுகிறது. 200 சுற்றுக்கு எத்தனை, 1000 சுற்றுக்கு எத்தனை என்று கணக்கு வைத்திருக்கும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால்தான் விளக்கு. அதற்குக் கீழே எத்தனை தவறினாலும் வாய் திறக்காது, உங்கள் முதுகுக்குத்தான் தெரியும்.

பல வண்டிகளில் சிலிண்டர் வாரியாக அந்த எண்ணிக்கையை ஸ்கேனரில் படிக்கலாம், மோட் 6 என்று ஒரு பகுதி இருக்கும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, டி-யில் ஐடிலில் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒரே சிலிண்டரில் மட்டும் எண் ஏறினால் அதன் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டருக்கு இடம் மாற்றுங்கள். பிரச்சினையும் கூடவே போனால் குற்றவாளி கிடைத்துவிட்டான், செலவே இல்லாமல். போகாமல் அங்கேயே நின்றால் இன்ஜெக்டர், அடுத்து கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அமுக்கும் அழுத்தம்). கம்ப்ரஷனில் மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் பேச வேண்டிய விஷயம்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் ஐடிலில் கூட்டல் 14, 2500 ஆர்.பி.எம்.மில் கூட்டல் 3 காட்டுகிறது. இது நல்லதா, கெட்டதா?

பதில்: ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐடில் எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் குருட்டுத்தனமாகத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

இது வேக்கம் லீக், அதாவது இன்டேக்கில் ஏதோ ஒரு வெடிப்பு வழியாகக் காற்று நுழைகிறது. ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். ஒரு சின்ன வெடிப்பு வழியாக, சென்சார் கணக்கில் வராமல் நுழையும் காற்று அங்கே பெரிய பங்கு. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் 14 சதவீதம் கூட்டி ஊற்றுகிறது. 2500-இல் மொத்தக் காற்று பல மடங்கு ஆகிவிடுவதால் அதே வெடிப்பு அங்கே பொருட்டே இல்லை. இரண்டு இடத்திலும் கூட்டலாகவே நின்றிருந்தால் ஃபியூல் பம்ப், ஃபில்ட்டர், அழுக்கடைந்த ஏர்ஃப்ளோ சென்சார் என்று வேறு பக்கம் போயிருப்பேன். ஐந்து சதவீதம் மேலே கீழே இருப்பதெல்லாம் கவலைப்படத் தேவையில்லாதது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள என்ஜினுக்கு. மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் அளந்து ஓடும் என்ஜினில் லீக் இருந்தால் ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடில் வேகம் ஏறி நிற்கும்.

எங்கே தேடுவது? பழைய வண்டியில் முதலில் பி.சி.வி. ஹோஸ் (என்ஜின் அடியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்). முழங்கை மாதிரி வளையும் இடத்தில், கைக்கு எட்டாத அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும், மேலே பார்த்தால் புதுசு போல இருக்கும். அடுத்து பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஐடிலில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது ‘உஸ்’ சத்தமோ ஐடிலில் மாற்றமோ இருந்தால் ஹோஸையும் பூஸ்டரையும் பாருங்கள். அப்புறம் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், அது குளிரில் கசிந்து சூடானதும் அடங்கிவிடும் வகை. கார்ப் கிளீனரை அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் மேல் எரியும் திரவத்தைத் தெளிக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள், லீக் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கேள்வி: த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இப்போது ஐடில் முன்பைவிட மோசம், 1200-இல் நிற்கிறது.

பதில்: முன்பு கார்பன் அடைத்திருந்த அளவுக்கு ஏற்பத் த்ராட்டிலை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்தது. இப்போது கார்பன் இல்லை, பழைய பழக்கம் மட்டும் இருக்கிறது. எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடிலை மறுபடி பழக்குவது) செய்ய வேண்டும், முறை வண்டிக்கு வண்டி மாறும். கேபிள் த்ராட்டில் என்றால் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வைச் சுத்தம் செய்தீர்களா, கேஸ்கெட்டைச் சரியாக வைத்தீர்களா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியவர்களுக்கும் முதல் சில ஓட்டங்களில் இப்படி ஆகலாம்.

கேள்வி: வண்டி மாதக் கணக்கில் நின்றது. எடுத்ததிலிருந்து உதறல். டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது.

பதில்: பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், மீதி ஆக்சிஜனோடு சேர்ந்து பிசின் மாதிரி இன்ஜெக்டர் முனையில் படியும். எத்தனால் கலந்தது என்றால் ஈரத்தையும் இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். வார்னிஷ் போலப் புளித்த வாடை வந்தால் வடித்து எடுத்துவிடுங்கள், புதுசோடு கலந்து சமாளிக்க வேண்டாம். வாடை சாதாரணமாக இருந்தால் புது பெட்ரோல் நிரப்பி, பாலிஈதரமின் உள்ள இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றி, நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டுங்கள். பழைய, அதிகம் ஓடாத வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த நீண்ட ஓட்டத்தைத்தான்.

ஏர் ஃபில்ட்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும், வயரையும் கடித்திருக்கும்.

கேள்வி: இரிடியம் பிளக் 1,60,000 கிலோமீட்டர் வரும் என்றார்கள். 50,000-இல் மாற்றுவது வீண்தானே?

பதில்: எலக்ட்ரோடு தேய்வதற்கான கணக்கு அது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சூட்டுக்கு வருவதே இல்லை, கரி படிகிறது. கழற்றிப் பாருங்கள். எல்லாம் வெளிறிய பழுப்பாக இருந்தால் திரும்ப மாட்டலாம். ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது. பீங்கான் மேல் மெல்லிய கருங்கோடு இருந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்திருக்கிறது. பிளக்கோடு அதன் ரப்பர் பூட்டையும் மாற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் என்ஜின் ஆறிய பிறகே பிளக்கில் கை வையுங்கள், இல்லாவிட்டால் மரை போய்விடும்.

கேள்வி: காலையில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் உதறல். பிறகு இல்லை.

பதில்: ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? இதைத்தான் முதலில் கேட்பேன். ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் சிலிண்டருக்குள் கொஞ்சம் கூலன்ட் இறங்கினால் காலையில் இப்படித்தான் இருக்கும், வெள்ளைப் புகையும் சேர்ந்து வரும். அது இல்லையென்றால் சொட்டும் இன்ஜெக்டர், வால்வில் படிந்த கரி, தவறான அளவு காட்டும் கூலன்ட் சென்சார் இந்த வரிசையில். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது டீசல், காமன் ரெயில்.

பதில்: ஸ்பார்க் பிளக் உங்களுக்கு இல்லை. சிலிண்டர்களைச் சமமாக்க ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் அளவை ஸ்கேனரில் பாருங்கள், ஒன்று தனித்து நின்றால் அதிலிருந்து தொடங்கலாம். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலின் (ரிட்டர்ன்) அளவையும் பாட்டில் வைத்து ஒப்பிடலாம். இ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புவது) திறந்தபடி சிக்கினாலும் ஐடில் கெடும். மேனுவல் கியர் என்றால் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் (நடுவே ஸ்பிரிங்கோடு இரண்டு துண்டாக இருக்கும் ஃப்ளைவீல்) பட்டியலில் வையுங்கள். என்ஜினை அணைக்கும்போது ‘கடகட’ என்று குலுங்குவது அதன் அடையாளம்.

கேள்வி: ஐடிலில் ஒன்றும் இல்லை, 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் உதறல்.

பதில்: அது வேறு கதை. நின்றே கிடந்த வண்டி என்றால் முதலில் டயர், ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்தால் டார்க் கன்வர்ட்டர் லாக்கப் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் அமைப்பு).

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன் நான். முள் அசையவில்லை, எந்தச் சிலிண்டரிலும் மிஸ்ஸிங் எண்ணிக்கை ஏறவில்லை, தாள் சீராகப் படபடத்தது. வலது பக்க மவுண்டிங்கின் கீழே கருப்புக் கறை இருந்தது, இரண்டு மவுண்டிங்கையும் மாற்றிவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதி?

பதில்: புது மவுண்டிங்கில் என்ஜின் கொஞ்சம் உயர்ந்திருக்கும், பழைய நிலைக்குப் பழகிய சைலன்சர் பைப் இப்போது இழுத்துக்கொண்டோ சேஸிஸில் இடித்துக்கொண்டோ இருக்கலாம். பைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே எல்லா இடத்திலும் விரல் நுழைகிறதா பாருங்கள், ஆறிய பிறகு. கிளாம்புகளைத் தளர்த்தி, என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, பைப் தானாக உட்கார்ந்த நிலையில் மறுபடி இறுக்குங்கள். தொங்கவிடும் ரப்பர்களும் உங்கள் மவுண்டிங்கின் வயதுதான். கியர்பாக்ஸ் மவுண்டிங்கை மாற்றினீர்களா? எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

அதற்கும் போகவில்லை என்றால், குளிர்ந்த என்ஜினில் ஆல்டர்னேட்டர், ஏ.சி.யைச் சுற்றும் வெளிப் பெல்ட்டை (டைமிங் பெல்ட் அல்ல) கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் அந்தப் பெல்ட்டில்தான், நீட்டிக்காதீர்கள். உதறல் மறைந்தால் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், புல்லிகளில் ஒன்று. மறையாவிட்டால் கிராங்க் புல்லியைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அதன் நடுவிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது பிரிந்தால் வெளி வளையம் தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும்.