1967 எம்ஜிபி காருக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

கேள்வி: ஐயா விட்டுச்சென்ற 1967 எம்ஜிபி என்ற இங்கிலாந்துத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் காரைக்குடியில் பழுதுபார்த்து ஓட்டத் தொடங்கியிருக்கிறோம். கம்பிச் சக்கரங்கள். டயர்கள் பழையவை, ஆனால் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறது. கடைக்காரர் நான்கிலும் 35 பிஎஸ்ஐ காற்று வைத்திருக்கிறார். டயரை மாற்ற வேண்டுமா? அகலமான டயர் போட்டால் சாலையை நன்றாகப் பிடிக்குமா?

பதில்:

அந்த 35-ஐ முதலில் இறக்கிவிடுங்கள், இந்த வண்டிக்கு அது மிக அதிகம். நாளைக் காலையே, வண்டி கொட்டகையை விட்டு நகர்வதற்கு முன். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

எங்கள் வீட்டிலும் ஓர் எம்ஜிபி இருக்கிறது, உங்களுடையதைவிட ஒரு வயது மூத்தது. அப்பச்சி பினாங்கிலிருந்து திரும்பியபோது கப்பலில் வந்த வண்டி. கானாடுகாத்தானில் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுப்போம். வருடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இப்படி ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து போவதில்லை, வயதாகிப் போகிறது. இதை நான் தெரிந்துகொண்டது 2016 மே மாதத்தில்.

அப்போது எங்கள் டயர்களும் உங்களுடையவை போலத்தான் இருந்தன. பட்டன் ஆழமாக, கறுப்பாக, பார்க்கப் புதிதுபோல. ஒரு கல்யாண வீட்டுக்கு அம்மானை ஏற்றிக்கொண்டு திருமயம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி, வேகம் அறுபது. பின்னாலிருந்து யாரோ சாக்கை அடித்துத் துவைப்பது போல ஒரு சத்தம். "நிறுத்துப்பா, நிறுத்து" என்று அம்மான் கத்தி முடிப்பதற்குள் வண்டியின் பின்பக்கம் அலைந்தது. இடப்பக்கப் பின் டயரின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து சக்கரத்தோடு சுழன்று மட்கார்டின் உள்வளைவை அடித்துக்கொண்டிருந்தது. எதிரே அப்போது பஸ் எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

அன்று மாலை அந்த டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த நாள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். எங்களுடையதில் ஆண்டு 01. பதினைந்து வருடக் கிழம்! உங்கள் டயரில் அந்த எண் டயரின் உட்பக்கத்தில் இருக்கலாம், குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நான்குக்குப் பதிலாக மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000க்கு முன் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுங்கள். ஆறு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்தைத் தாண்டினால் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, மாற்ற வேண்டும். ஐயா காலத்து டயர் என்பதற்காக வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தால், கொட்டகைச் சுவரில் மாட்டி வையுங்கள்.

எங்கள் டயர் அவ்வளவு மோசமாக வெடிப்பு விட்டதற்கு வெயிலும் வயதும் மட்டும் காரணமல்ல என்று பிற்பாடு புரிந்தது. கிணற்று மோட்டார் அதே கொட்டகையில், வண்டியின் பின்பக்கத்திலிருந்து நான்கடி தூரத்தில் இருந்தது. பழைய மோட்டாரில் பொறி பறக்கும்போது ஓசோன் உண்டாகும், ரப்பருக்கு அது நஞ்சு. மோட்டாரை வெளியே மாற்றிவிட்டோம். உங்கள் கொட்டகையிலும் மோட்டாரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி எந்த டயர் என்பதற்கு வருகிறேன். எம்ஜிபி வெளிவந்த காலத்தில் அதற்கு 5.60-14 அளவு கிராஸ்பிளை டயர், நம் கடைகளில் நைலான் என்று சொல்லும் வகை, அல்லது 155 மில்லிமீட்டர் அகல ரேடியல் போட்டார்கள். கூரை மூடிய ஜிடி வகைக்கு 165 ரேடியல். இதைக் கேட்டதும் லண்டனுக்கு எழுதித்தான் வரவழைக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 165/80 ஆர்14 (165 மில்லிமீட்டர் அகலம், 14 அங்குல ரிம்) என்ற அளவைக் காரைக்குடியில் எந்த டயர் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் அடிப்படை மாடல்களில் வருவது அதே அளவுதான். இங்கிலாந்தில் பிறந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சரியான செருப்பு நம் ஊர் வாடகைக் காரின் காலில் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை பெரிய மகிழ்ச்சி. அதில் 85டி (85T) என்று போட்டிருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை செல்லலாம். எம்ஜிபியின் உச்ச வேகமே 165 கிலோமீட்டரை ஒட்டித்தான்.

பழைய பட்டன் அமைப்போடு பைரெல்லி சிந்துராட்டோ போன்ற டயர்களை இன்றும் செய்கிறார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்கு அரசின் கட்டுப்பாடு இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். கண்காட்சிக்கு நிறுத்தப்போவதில்லை, ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்த அலைச்சல் வேண்டாம்.

நைலான் போடலாமா என்றால், போடலாம், நான்கிலும் போடுவதாக இருந்தால். ஆனால் சாலையில் தார் ஒட்டுப்போட்ட வரப்புகளையெல்லாம் அது பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுக்கும். ஒருபோதும் செய்யக்கூடாதது, முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் போடுவது. வளைவில் முன்சக்கரங்கள் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வெளியே போய்விடும். ஸ்டெப்னியில் பழைய நைலான் கிடந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். முன் சக்கரம் பஞ்சராகி அது முன்னால் வந்தால், ஒரே அச்சில் இரண்டு வகை டயர் ஆகிவிடும்.

அகலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் கம்பிச் சக்கரத்தின் ரிம் நாலரை அங்குலம். 185/65 ஆர்14 டயருக்குக் குறைந்தது ஐந்து அங்குல ரிம் வேண்டும். 185/70 அளவுப்படி பொருந்தும், ஆனால் விளிம்பில்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி இது. கானாடுகாத்தான் சந்துகளில் ஒரு தேர் போல நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். நேரே ஓடும்போது ஸ்டியரிங் வழியே சாலை உங்கள் கைக்குச் சொல்லும் செய்தி பாதி நின்றுபோகும். மெல்லிய டயரில் இந்த வண்டி நாற்பதில் போகும்போதே உயிரோடு இருப்பதாகத் தோன்றும். அந்தச் சுகத்துக்காகத்தானே இதை ஓட்டுகிறோம்.

காற்றுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நானும் 2016இல் புது டயர் போட்டதும் செய்த அடுத்த தவறு அதுதான். கடையில் 35 வைத்து அனுப்பினார்கள், நானும் சரி என்று வந்துவிட்டேன். பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத் திரும்பும்போது முதல் மழை. ஒரு சாதாரண வளைவில் பின்பக்கம் ஒரு முழம் நழுவியது. வேகம் நாற்பதுகூட இல்லை. மேடு பள்ளத்தில் வண்டி தவளை போலத் தத்தியது. டயர் மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தேன். அப்புறம்தான் அப்பச்சியின் இரும்புப் பெட்டியில் கிடந்த வண்டிக் கையேட்டை எடுத்தேன். 155 ரேடியலுக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று அதில் இருந்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதே அளவு டயர் போட்ட ஸ்விஃப்டுக்கு முப்பதை ஒட்டி வைக்கிறோமே, எடையும் ஏறத்தாழ ஒன்றுதானே என்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்விஃப்ட் ஐந்து பேரையும் மூட்டைகளையும் சுமக்க வேண்டும். அதன் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. எம்ஜிபி ஏறத்தாழ 920 கிலோ. இரண்டு பேர் ஏறினால் ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். அந்த எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிகிறது. அப்படியானால் ஒரு டயரின் மேல் 270 கிலோ அளவுதான், அது தாங்கக்கூடியதில் பாதி. இவ்வளவு குறைந்த பாரத்துக்கு 35 வைத்தால் டயர் பலூன் போல விறைத்து, நடுப்பகுதி மட்டும் தரையில் படும். தவிர, இந்த வண்டியின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். டயரும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும் என்று எண்ணியே அதை அமைத்திருக்கிறார்கள். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணும் உங்களுக்கானது அல்ல. அது அந்த டயருக்கான உச்ச வரம்பு.

165/80 டயருக்கு நான் வைப்பது முன்னால் 24, பின்னால் 26. பின்னால் இரண்டு கூட வைப்பதற்குக் காரணம் உண்டு. பின் டயர் சற்று விறைப்பாக இருந்தால் வளைவில் வால் நழுவாமல், முன்பக்கம் மெதுவாக வெளியே போகும். அதைக் கை தன்னியல்பாகச் சரிசெய்துவிடும். இரண்டு முன்னே பின்னே வைத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள், ஆனால் பின்னால் இருப்பது எப்போதும் முன்னால் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும். 21க்குக் கீழே போகவே கூடாது. வெயில் காலத்தில் காற்றுக் குறைந்த டயர், நிறைந்த டயரைவிட ஆபத்தானது. பக்கவாட்டு மடிந்து மடிந்து நிமிரும்போது சூடு ஏறி, உள்ளே இருந்தே பிரியத் தொடங்கும்.

அளப்பது விடியற்காலையில், வண்டி ஓடாதபோது. டிசம்பர் காலையில் சரியாக வைத்தது மே மதியத்தில் இரண்டு மூன்று கூடித்தான் காட்டும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஒன்றிலிருந்து ஒன்றரை பிஎஸ்ஐ ஏறுவது இயற்கை. ஓடிச் சூடான டயரில் எண் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். பங்க்கில் இருக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கையடக்க அளவி ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வைத்த காற்று சரியா என்று பார்க்க எங்கள் ஊர் செம்மண்ணே போதும். கொட்டகை வாசலில் புழுதியைச் சன்னமாகப் பரப்பி, வண்டியை மெதுவாக அதன்மேல் நகர்த்துங்கள். பட்டன் விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராகப் பதிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழுத்தமாக இருந்தால் காற்று அதிகம். மழைக்காலமானால் டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு நேராக நூறு அடி ஓட்டி, எது அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

கம்பிச் சக்கரம் என்பதால் இன்னொரு விஷயம். கடையில் டியூப்லெஸ் என்று அப்படியே மாட்டித் தருவார்கள், சம்மதிக்காதீர்கள். கம்பி நுழையும் துளை ஒவ்வொன்றின் வழியாகவும் காற்றுக் கசியும். டியூப் கட்டாயம். ரேடியலுக்கான டியூப், ரிம்மின் உட்புறம் கம்பி முனைகளை மூட ரப்பர் பட்டை. கம்பி முனை ரிம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். புது டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாள் வில்லையை உரித்து, டால்கம் பவுடர் தூவிய பிறகே டியூபை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வில்லையின் ஓரமே டியூபைத் தின்றுவிடும். எனக்கு இரண்டு டியூப் அப்படிப் போயின.

டியூப் போட்ட டயரில் பஞ்சர் ஆனால் காற்று நின்று நிதானித்து இறங்காது, ஒரேயடியாகப் போய்விடும். நம் பக்கத்தில் சீமைக்கருவேல முள் கிடக்காத மண்பாதை ஏது? ஆத்தங்குடிக்கோ பள்ளத்தூருக்கோ போகும்போது பஸ் ஓடும் சாலையிலேயே போய்விடுங்கள், குறுக்கு வழி வேண்டாம். சக்கரத்தைக் கழற்ற அதன் நடுத் திருகைத் தட்டும் செப்புச் சுத்தியல் வண்டியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது மட்டும் அந்த 35 உதவும். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடி தட்டையாகிவிடும். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் நான்கிலும் 35 ஏற்றிவிட்டு வருகிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கால் சுற்று தள்ளி வைக்கிறார். திரும்பி வந்ததும் முதல் வேலை, அதை 24க்கும் 26க்கும் இறக்குவது. ஸ்டெப்னியில் மட்டும் 32 வைத்திருக்கிறேன். சாலையோரத்தில் காற்றை இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம்.