பூத்த செடியை வாங்கி வந்தேன், மறுபடி பூக்கவில்லையே?

கேள்வி: நான் காலையில் வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. கடந்த ஓராண்டில், பூத்திருந்த நிலையில் மூன்று தொட்டிச் செடிகளை வாங்கினேன். பீஸ் லில்லியும் கலஞ்சோவும் பூ வாடியபின் ஒரு மொட்டுகூட விடவில்லை. நீல நிற ஆர்க்கிட் அழுகிவிட்டது. வீட்டில் கிழக்குப் பார்த்த சன்னல் ஒன்று உண்டு. பூனை ஒன்றும் வளர்கிறது. அதிகக் கவனிப்பைக் கேட்காமல் தொடர்ந்து பூக்கும் செடி எது?

பதில்: தங்கள் மூன்று செடிகளும் பூக்காமல் போனதற்குத் தங்கள் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. விற்பனைக்கு வரும் பூச்செடிகள் பெரும்பாலும் பண்ணையில் வலிந்து பூக்க வைக்கப்பட்டவை. பீஸ் லில்லிக்கு ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து, குறித்த காலத்தில் எல்லாத் தொட்டிகளும் ஒன்றாகப் பூக்கும்படி செய்கிறார்கள். கலஞ்சோ நீண்ட இரவைக் கண்டால்தான் மொட்டு வைக்கும். நாள்தோறும் சுமார் 14 மணி நேர இருட்டு ஆறு வாரம்வரை தேவைப்படுவதால், பண்ணைகளில் கருந்துணி போர்த்தி அந்த இரவை உண்டாக்குகிறார்கள். இரவு வெகுநேரம் விளக்கெரியும் அறையில் அது இலையோடு நின்றுவிடும். நீல ஆர்க்கிட்டோ, பெரும்பாலும், வெள்ளைப் பூ பூக்கும் செடியின் பூந்தண்டில் சாயம் ஏற்றப்பட்டது. அது பிழைத்து மறுபடி பூத்திருந்தாலும் பூ வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். இதைச் சொல்லாமல் விற்பது முறையல்ல என்பதே என் கருத்து.

ஆகவே, கடையில் கண்ட பூவைவிட, வீட்டில் கிடைக்கும் வெளிச்சத்தை வைத்தே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நண்பகலில் சன்னலருகே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் விளிம்பு ஓரளவேனும் புலப்பட்டால் பூச்செடிக்குப் போதிய வெளிச்சம் உண்டு. நிழலே விழாத இடத்தில் எந்தச் செடியை வைத்தாலும் இலையை மட்டும்தான் எதிர்பார்க்க முடியும். நிழலிலும் வாழும் என்று சொல்லி விற்கப்படும் பீஸ் லில்லி அங்கே வாழத்தான் செய்யும், ஆனால் பூப்பது அரிது.

தங்கள் கிழக்குச் சன்னலுக்கு முதலில் ஆப்பிரிக்க வயலட்டையே பரிந்துரைப்பேன். வெளிச்சம் போதுமானால் அது பருவம் பார்க்காமல் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். உள்ளங்கை அகலத் தொட்டியே அதற்குப் போதும். நேரமில்லாதவர்களுக்குத் திரி முறை கைகொடுக்கும்: தொட்டியின் அடித்துளை வழியாக நைலான் கயிறொன்றை மண்ணுக்குள் செலுத்தி, அதன் மறுமுனையைக் கீழே உள்ள தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுவிட்டால், செடி தனக்கு வேண்டிய நீரைத் தானே இழுத்துக்கொள்ளும். மண் மட்டும் இலகுவான கலவையாக இருக்க வேண்டும். இலைமேல் குளிர்ந்த நீர் பட்டால் புள்ளி விழும் என்பதால் மேலிருந்து ஊற்றாமலிருப்பது நல்லது.

அடுத்தது, சாயமேற்றாத பலேனாப்சிஸ் ஆர்க்கிட். ஒருமுறை பூத்தால் இரண்டு மூன்று மாதங்கள் நிற்கும். வேர் பச்சையாக இருந்தால் நீர் வேண்டாம், வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறினால் ஊற்றலாம் என்று அதுவே காட்டிவிடும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை போதும். அது அழுகுவது அநேகமாக அன்பு மிகுந்து ஊற்றப்படும் நீரால்தான். மறுபடி பூந்தண்டு விட, சில வாரங்களுக்கேனும் சற்றுக் குளிர்ந்த இரவுகள் வேண்டும்.

இவ்விரண்டும் பூனைக்கு நஞ்சல்ல. பீஸ் லில்லியிலும் அந்தூரியத்திலும் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், கடித்தால் வாயில் எரிச்சலை உண்டாக்கும். கலஞ்சோ இதயத்தையே பாதிக்கக்கூடியது. பீஸ் லில்லி பெயரளவில்தான் லில்லி. உண்மையான லில்லி வகைகளைப் பூனை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அவற்றின் மகரந்தம் சிறிதளவு உட்சென்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

கேள்வி: காற்றைச் சுத்தப்படுத்தும் என்று அட்டை மாட்டிய செடிகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வாசகத்துக்கு அடிப்படையான 1989-ஆம் ஆண்டு நாசா ஆய்வு, மூடி அடைத்த சிறு பெட்டிகளில் நடந்தது. 2019-இல் வெளியான ஒரு மீளாய்வின்படி, வழக்கமான காற்றோட்டம் தரும் பயனை எட்டவே ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும்.

கேள்வி: கடையில் எதைச் சோதித்து வாங்குவது?

பதில்: முழுதும் மலர்ந்ததை விடுத்து, மொட்டு மிகுந்ததை எடுங்கள். இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் திருப்பிப் பாருங்கள். பஞ்சுபோல வெண்மை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். தொட்டியில் வடிகால் துளை இருக்கிறதா, அழகுத் தொட்டிக்குள் நீர் தேங்கி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கள்ளிச்செடியின் தலையில் காகிதம்போல் உலர்ந்த பூ இருந்தால் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பசையால் ஒட்டிய பூவை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாங்கிய செடியை இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்து, பூச்சி ஏதும் வெளிப்படவில்லை என்று உறுதியானபின் சேர்த்து வையுங்கள்.