அப்பாவின் கோபத்தை விடுங்கள், அந்தப் பெண் எழுதிய வரியைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கும் பகுதிநேரப் புகைப்படக்காரன் நான். பரதம் ஆடும் 24 வயதுப் பெண்ணைத் தேக்காவின் பின்சந்துகளிலும் எங்கள் அடுக்குமாடிப் புளோக் கீழ்த்தளத்திலும் என் வீட்டு வரவேற்பறையிலும் நான்கு மாதம் படமெடுத்தேன். கண்காட்சி வைத்து அச்சுப்படிகளை விற்க எண்ணம். இப்போது அவருக்கு வரன் பார்க்கிறார்கள். "சந்தில் ஆடின பொண்ணுன்னு பேர் வந்துடும், எல்லாத்தையும் அழி" என்று அவர் அப்பா வீட்டு வாசலில் வந்து கத்துகிறார். படங்கள் என்னுடையவை. கலையை இப்படி நசுக்கலாமா? வழக்குப் போடலாமா?

பதில்: படங்கள் உங்களுடையவைதான். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை எடுத்தவரே முதல் உரிமையாளர். பெண் வயது வந்தவர். அப்பாவின் சம்மதம் தேவையே இல்லை. கலை, சமூகம், வரன் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கமும் இத்துடன் முடிந்தது.

என் கண் நின்றது நீங்கள் இணைத்த வாட்ஸ்ஆப் உரையாடலில். முதல் நாளே அவர் எழுதியிருக்கிறார்: "எடுங்க அண்ணே, ஆனா வெளியில போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க." நீங்கள் "கண்டிப்பா" என்றீர்கள். பிறகு மூன்று படங்களைக் காட்டாமலே இன்ஸ்டகிராமில் போட்டுவிட்டீர்கள். போன வாரம் அவர் எண்ணிலிருந்து "வேணாம், எடுத்துடுங்க" என்று வந்திருக்கிறது. அப்பா தட்டச்சு செய்திருப்பார் என்கிறீர்கள். அந்த ஊகத்தை நம்பி ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடாது. விற்பனைக்கு அச்சடிப்பவரைத் தொடும். முகம் தெரியும் படம் தனிநபர் தரவு; கொடுத்த சம்மதத்தை அவர் திரும்பப் பெறலாம். தேக்கா சந்தில் எடுத்தவற்றுக்குப் பொது இடம் என்று வாதாடலாம். வரவேற்பறையில் எடுத்தவற்றுக்கு அந்த வாதம் நிற்காது. அவற்றுக்கு உங்கள் "கண்டிப்பா"வே எதிர்சாட்சி.

இதைவிட எனக்குப் பயம் தருவது உங்கள் கடைசி வரி: "அந்தக் குடும்பத்தின் முகத்திரையைக் கிழித்து ஒரு பதிவு போடப்போகிறேன்." போடாதீர்கள். இதே நிலையில் என்னிடம் வந்தவர்களில் பலர் படத்தால் மாட்டவில்லை, பதிவால் மாட்டினார்கள். நியாயம் தன் பக்கம் என்ற கோபத்தில் உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்துப் போடுவார்கள். அதில் பெண்ணின் பெயர் இருக்கும், அப்பா வேலை செய்யும் இடம் இருக்கும். மறுநாள் வழக்குப் போட வந்தவரே வழக்கைச் சந்திப்பவராகிவிடுவார். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் பெயர், படம், குடும்பம், வேலை பற்றிய விவரம் எல்லாமே அடையாளத் தகவல். துன்புறுத்தும் நோக்கத்தோடு வெளியிட்டது நிரூபணமானால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'கலைக்காகத்தான் போட்டேன்' என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் "முகத்திரையைக் கிழிப்பேன்" என்று இப்போதே எழுதிவிட்டீர்களே. நோக்கத்தைக் காட்ட வேறு என்ன வேண்டும்? உங்களைத் தடுக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கும் அவர்கள் தனியாக மனுப் போடலாம்.

அச்சுச் செலவு 1,800 வெள்ளியை அந்தப் பெண்ணிடம் கேட்கும் எண்ணத்தையும் விடுங்கள். கண்காட்சி நடக்கும் என்று அவர் எங்கும் உறுதி தரவில்லை.

சமரசம் பேசுங்கள். அரைமண்டியில், அதாவது முழங்கால் மடக்கிய பரத நிலையில், அவர் நிற்கும் அந்தப் படம் அருமையானது, அதை இழப்பது வலிக்கும் என்று தெரியும். ஆனால் நீங்கள் அனுப்பியவற்றில் பாதியில் முகமே இல்லை: முத்திரை பிடித்த கை, சலங்கைக் கால், சுவரில் விழுந்த நிழல். அவற்றை நீங்கள் வைத்துக்கொள்வது, முகம் தெரிபவற்றை வெளியிடாமல் இருப்பது, இரு தரப்பும் பணம் கேட்காமல் இருப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பெண்ணே கையெழுத்திடட்டும், அப்பா அல்ல. பேச்சு முறிந்தால் அதில் எழுதியது உங்களுக்கு எதிராகத் திரும்பாதபடி அந்தக் கடிதத்தை வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். அதுவரை மூல கோப்புகளை அழிக்க வேண்டாம், அவை ஆதாரம். இன்ஸ்டகிராமில் உள்ள மூன்றையும் இன்றிரவே நீக்கிவிடுங்கள்.