கப்டனுக்குப் பின்னால் ஒரு கதிரை: ஜம்ப்சீற் கேள்வி பதில்

திருகோணமலை உப்புவெளியில் ஓய்வாக இருக்கும் விமானி நான். நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் இப்போது கட்டுநாயக்க விமான நிலையத்திலும் வெளிநாடுகளிலும் பறக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த முறை முழுவதும் ஜம்ப்சீற். கொக்பிற்றில் இரு விமானிகளுக்கும் பின்னால் மடித்து வைத்திருக்கும் மேலதிகக் கதிரை அது. பரிசோதகரும் பயிற்சி பெறுபவரும் அதில் இருப்பார்கள். வேலைக்குப் போகிற, வீடு திரும்புகிற விமானிக்கும் சில வேளை அது கிடைக்கும்.

லிங்கநகர்: ஐயா, ஒப்பரேஷன்ஸில் என் பெயரைப் போட்டு அனுமதி தந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கப்டனிடம் கேட்க வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும் தம்பி. கம்பனி தருவது பெயர்ப் பதிவு. இடம் தருவது கப்டன். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லி இறங்கி வாருங்கள்.

கொக்பிற் வாசலில் நின்று, அவர்கள் செக்லிஸ்ட் வாசித்துக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருங்கள். தலை திரும்பியதும், "வணக்கம் கப்டன், நான் இன்னார், இன்ன கம்பனியில் துணை விமானி. உங்களோடு வர அனுமதி கிடைக்குமா?" என்று கேட்டு, அடையாள அட்டை, லைசன்ஸ், மெடிக்கல் சான்றிதழ் மூன்றையும் அவர் கேட்குமுன் நீட்டுங்கள். துணை விமானிக்கும் வணக்கம் சொல்லுங்கள். கபின் பொறுப்பாளரிடமும் உங்களை அறிமுகப்படுத்துங்கள். ஆபத்தென்றால் உள்ளே எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறி இருந்ததும் பெல்ற்றைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். ஒக்சிஜன் மாஸ்க், ஹெட்செற், உயிர்காப்பு அங்கி எல்லாம் எங்கே என்று கையால் தொட்டுப் பாருங்கள். எயார்பஸ் 320 என்றால் பக்க ஜன்னல்களுக்கு மேலே தப்பும் கயிறு இருக்கிறது. அதையும் கண்ணால் பாருங்கள். போயிங் 737இல் கதிரை கதவு வாசலை மறித்துத்தான் விரியும். யாராவது உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டுமென்றால் எழுந்து மடித்து வழிவிட வேண்டியவர் நீங்கள்.

கிண்ணியா, மாணவி: என்ன உடுப்பு?

சீருடை, இல்லையென்றால் கொலர் வைத்த சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு போகாதீர்கள் தங்கச்சி.

நிலாவெளி: என் மகன் துணை விமானி. அவன் பறக்கும்போது அவனுடைய அம்மா ஜம்ப்சீற்றில் இருந்து பார்க்கலாமா?

முடியாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு பயணிகள் விமானங்களில் கொக்பிற் கதவு பறக்கும் நேரம் முழுவதும் பூட்டியே இருக்கும். தரையில் நிற்கும்போது, கப்டன் சம்மதித்தால், எட்டிப் பார்க்கலாம். 1994இல் ரஷ்ய எயாரோஃப்ளொட் விமானமொன்றில் விமானி தன் பிள்ளைகளைக் கட்டுப்பாட்டுக் கதிரையில் இருத்தினார். மகனின் கை பட்டு ஓட்டோபைலட்டின் ஒரு பகுதி கழன்றது ஒருவருக்கும் தெரியவில்லை. 75 பேரும் இறந்தார்கள். தாயின் ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த இடம் அதற்கில்லை.

சீனக்குடா: இங்கே வந்து போகிற சிறிய கரவான் விமானத்தில் ஜம்ப்சீற் உண்டா?

இல்லை. தனிக் கொக்பிற்றே இல்லாத விமானம் அது.

தம்பலகாமம்: ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு வெறுங்கையோடு போவது எப்படி? ஒரு சட்டி தயிர் கொண்டு போகலாமா?

நல்ல மனது தம்பி. ஆனால் தயிரைக் கபினோடு நிறுத்துங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு நேர் முன்னால், இரு விமானிகளுக்கும் நடுவில்தான் எஞ்சின் நெம்புகோல்கள் உள்ள பலகை. 2019 நவம்பரிலும் 2020 ஜனவரியிலும் இரண்டு எயார்பஸ் 350 விமானங்களில் அந்தப் பலகையில் பானம் சிந்தி, பறக்கும்போதே ஓர் எஞ்சின் நின்றுபோனது. அதனால் தேத்தண்ணியை முன்னே கொடுக்கும்போதும் நடுவால் நீட்டக் கூடாது. ஜன்னல் பக்கமாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வருடங்களுக்கு முன் ஓர் இளம் விமானி கருவாட்டுப் பார்சலோடு என் பின்னால் வந்து ஏறினான். பேப்பரில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் கட்டி, காலடியில் வைத்திருந்தான். கதவு சாத்தியதும் மணம் எழும்பியது. பார்சலைப் பின்னால் கபினுக்கு அனுப்பச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அன்று எனக்கும் மனது கஷ்டம்தான். ஆனால் வயர் கருகினால் பல வேளை கருவிகளுக்கு முன்னே மூக்குத்தான் சொல்லும். அந்த மூக்கை மறைக்கும் எதுவும் உள்ளே வேண்டாம். கருவாடு மட்டுமல்ல, கடுமையான சென்ற்றும் அப்படித்தான்.

சொக்கலேற் பெட்டி ஒன்றைக் கபின் பிள்ளைகளிடம் கொடுங்கள். போதும்.

மூதூர்: என் அப்பா ஒரு தடவையாவது ஜம்ப்சீற்றில்...

மேலே நிலாவெளிக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

பாலையூற்று: பறக்கும்போது பேசலாமா? வீடியோ எடுக்கலாமா?

10,000 அடிக்குக் கீழே பறத்தலுக்குத் தேவையில்லாத ஒரு சொல்லும் கூடாது. அமெரிக்கா 1981இல் இதைச் சட்டமாக்கியது. அதற்கு முன் நடந்த விபத்துகளில் ஒன்று 1974 செப்டம்பர் 11, சார்லட் நகரம். பனிமூட்டத்துக்குள் இறங்கும்போது விமானிகள் அரசியலும் பழைய கார்களும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். 82 பேரில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே போனபின்கூட அவர்கள் கதைத்தால் கதையுங்கள்; நீங்களாகத் தொடங்காதீர்கள். ஃபோனை அணைத்துப் பையில் வையுங்கள். வீடியோ வேண்டாம்.

உவர்மலை, ஓய்வுபெற்ற கடற்படையாளர்: விருந்தாளி வாய் திறக்கவே கூடாது என்றுதானே அர்த்தம்? கப்பலில் பாலத்தில் நிற்கும் விருந்தாளி அப்படித்தான்.

இல்லை அண்ணா. இதில் நான் உங்களோடு உடன்படவே மாட்டேன். பிழை ஒன்றைக் கண்டால், எந்த உயரமானாலும் சொல்லத்தான் வேண்டும். தவறான ஓடுபாதை, விரிக்க மறந்த ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் விரியும் பலகை), பக்கத்தில் வேறொரு விமானம், எதுவானாலும் உடனே, ஒரே வரியில், "கப்டன், ஃபிளாப்" என்று சொல்லுங்கள். முன்னால் இருக்கும் இருவரும் கருவிகளுக்குள் மூழ்கியிருக்கும்போது மூன்றாவது சோடிக் கண்களுக்குத்தான் முழுப் படமும் தெரியும்.

2018 அக்டோபர் 28, லயன் எயாரின் போயிங் 737 மக்ஸ் பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போனபோது மூக்குத் தானாகக் கீழே இழுபட்டது. அன்று கொக்பிற்றில் மூன்றாவது விமானி ஒருவர் இருந்தார். மூக்கை மேலும் கீழும் சாய்க்கும் மின் ட்ரிம்மை அணைக்கச் சொன்னது அவர்தான் என்று செய்திகள் வந்தன. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் விமானியின் கைப்பிடியை உலுக்கி எச்சரிக்கும் ஸ்ரிக் ஷேக்கர் அதிர்ந்ததையும் ட்ரிம்மை அணைத்ததையும் பராமரிப்புப் பதிவில் எழுதவில்லை. மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேரும் போனார்கள். அதனால்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: இறங்கியபின், "கப்டன், இதையும் பதிவில் எழுதுவோமா?" என்று கேட்பதும் ஜம்ப்சீற்றில் வந்தவரின் கடமை.

அன்புவழிபுரம்: அப்படியென்றால் 2023இல் அமெரிக்காவில் ஜம்ப்சீற்றில் வந்தவர் எஞ்சினை நிறுத்தப் போனாரே? உவர்மலை ஐயா சொல்வது சரிதான்.

அவர் செய்தது வாயால் அல்ல, கையால். 2023 அக்டோபர் 22, ஹொரைசன் எயார். வேலையில் இல்லாத விமானி ஒருவர் பின் கதிரையிலிருந்து எஞ்சின் தீயணைப்பு நெம்புகோல்களை இழுத்தார். விமானிகள் அவரைத் தடுத்து வெளியே அனுப்பி, போர்ட்லாண்டில் இறக்கினார்கள். வாய் திறக்கலாம், கை நீளக் கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

உவர்மலை, மீண்டும்: கப்டன் திணறிக்கொண்டிருந்தால்கூடக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?

நல்ல கேள்வி அண்ணா. 1989 ஜூலை 19, யுனைற்றெட் 232. நடு எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ரோலிக் முழுவதும் போய்விட்டது. பயிற்சி விமானி டெனி ஃபிட்ச் அன்று பயணிகளோடு பின்னால் இருந்தார். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவில்லை. பணிப்பெண் மூலம் உதவி வேண்டுமா என்று கேட்டனுப்பினார். கப்டன் அல் ஹெயின்ஸ் கூப்பிட்ட பிறகுதான் போனார். மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் நெம்புகோல்களையும் கப்டன் சொன்னபடியே அசைத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கப்டன் சொன்னால் கை நீளட்டும்.

திருக்கடலூர்: தங்கை சும்மா ஒருமுறை ஜம்ப்சீற்றில்...

முடியாது. நிலாவெளியும் மூதூரும் கேட்டாயிற்று. குடும்பம் பற்றிய மற்றக் கடிதங்களுக்கும் இதுவே பதில்.

கன்னியா: கபினில் இடமில்லாத நாளில் ஸ்ராவ் ரிக்கற் (ஊழியருக்கான சலுகை ரிக்கற்) காரருக்கு...

ரிக்கற் விவகாரம் உங்கள் கம்பனியின் பயணப் பிரிவுக்குரியது. அங்கே கேளுங்கள்.

லிங்கநகர், மீண்டும்: அடுத்த கிழமை முதல் தடவை போகிறேன் ஐயா. இறங்கியதும் என்ன செய்வது?

எஞ்சின் நிற்கட்டும். பார்க்கிங் செக்லிஸ்ட் முடியும்வரை பெல்ற்றோடு அசையாமல் இருங்கள். முடிந்ததும் பெல்ற் வார்களைச் சுருட்டி உள்ளே வைத்து, ஹெட்செற்றைக் கொக்கியில் மாட்டி, கதிரையை மடித்துச் சாத்துங்கள். இருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். பயணிகள் இறங்கும் வழியை மறித்து நிற்காதீர்கள். பையை எடுத்துக்கொண்டு கடைசிப் பயணிக்குப் பின்னால் இறங்குங்கள். அன்றைக்கே எனக்கு எழுதுங்கள் தம்பி, எப்படிப் போனது என்று.