கடலுக்குப் போக யாரிடம் விடுப்புக் கேட்கிறீர்கள்?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை என் பொறுப்பு. இந்த ஆண்டு வேலைப்பளுவில் தூக்கம் குறைந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் மகனிடம் எரிந்து விழுகிறேன். செப்டம்பர் விடுமுறையில் சக ஆசிரியைகள் இருவர் இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்கு இரண்டு இரவு போய் வரலாம் என்று கூப்பிடுகிறார்கள். கணவர் "உன் விருப்பம்" என்கிறார். மாமியாரோ, "நாகப்பட்டினத்தில் பார்க்காத கடலா?" என்கிறார். ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சுயநலமா? மூன்று நாள் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, செங்காங்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறைதான் பிடிபட்டது: நீங்கள் எனக்கு எழுதியிருப்பது விடுப்பு விண்ணப்பம். காரணம் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, உடன் வருபவர்கள் இருக்கிறார்கள். கீழே கையெழுத்துப் போட ஓர் ஆள்தான் குறை. அந்தக் கையெழுத்தை நான் போடுவதாக இல்லை. போய் வாருங்கள் என்பது என் கருத்து. அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுயநலமா என்ற கேள்வியில் அதிக நேரம் நிற்க வேண்டாம். இரண்டு இரவு அப்பாவோடும் பாட்டியோடும் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை வாடிவிட மாட்டான். ஆண்டு முழுக்க அம்மாவின் எரிச்சலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுக்குக் கஷ்டம். "உன் விருப்பம்" என்பது நம் வீடுகளில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அதற்குப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், அவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். புதன் காலையில் பையனைப் பராமரிப்பு நிலையத்தில் கொண்டு விடுவது யார், காய்ச்சல் மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, வியாழன் இரவு என்ன சாப்பாடு. இந்த மூன்றையும் பேசி முடித்தீர்களானால் விருப்பம் யாருடையது என்ற பேச்சே எழாது.

எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள். ஒரு ஜூன் விடுமுறையில் இதே பிந்தானுக்குப் போனேன். பையில் நீச்சலுடை, தொப்பி, ஐந்தாம் வகுப்பின் முப்பத்தாறு கட்டுரைத் தாள்கள். "காலையில் பத்து, மாலையில் பத்து" என்று திட்டம். தென்னை மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். இளநீர் வந்தது. வாங்குவதற்காகத் தாளின் மேலிருந்து கையை எடுத்தேன், காற்றும் வந்தது. நான்கு தாள்கள் மணலில் உருண்டன, மூன்றைப் பிடித்துவிட்டேன். நான்காவது அலைக்குள் போய், மை கரைந்து, வெறும் வெள்ளைத் தாளாகத் திரும்பி வந்தது. தலைப்பு என்ன தெரியுமா? "கடற்கரையில் ஒரு நாள்." பள்ளி திறந்ததும் அந்தப் பையனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் முழு மதிப்பெண்ணா, டீச்சர்?" என்று கேட்டான்.

அந்த மூன்று நாளும் என் உடம்புதான் பிந்தானில் இருந்தது. ஆகவே ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன்: ஒரு தாள்கூட உங்களோடு படகேறக் கூடாது.

அதற்கு முன்பு நாள்காட்டியைப் பாருங்கள். செப்டம்பர் விடுமுறை மற்றவர்களுக்கு ஒரு வாரம். ஆறாம் வகுப்பு எடுப்பவருக்கு அது பெயரளவில்தான் விடுமுறை. ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு முடிந்திருக்கும். செப்டம்பர் நடுவில் கேட்டல் கருத்தறிதல், மாதக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள். இடையில் பள்ளி கூடுதல் வகுப்புக்குக் கூப்பிடும். (அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் எல்லா வகுப்புகளிலும் நீக்கப்பட்டுவிட்டன. வேலை குறைந்ததா என்று யாராவது கேட்டால் ஆசிரியர் அறையே சிரிக்கும்.) திங்கள், செவ்வாய் வகுப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, புதன் புறப்பட்டு வெள்ளி திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து இறங்கும் பயணம் வேண்டவே வேண்டாம். சனியும் ஞாயிறும் வீட்டில், பிள்ளையோடு.

அடுத்து, கைபேசி. 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு புதுப்பித்த வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது: ஆசிரியர்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் பெற்றோருக்குத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு, அவசரம் இல்லாத செய்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் நம் தமிழ்ப் பெற்றோர் பலருக்குத் தமிழாசிரியை பாதி உறவுக்காரர். இரவு பத்து மணிக்கு "டீச்சர், நாளைக்கு எழுத்துப்பயிற்சி எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள், அன்பாகத்தான் கேட்பார்கள். உங்கள் எண் ஏற்கெனவே பலரிடம் போயிருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே, புதன் முதல் வெள்ளி வரை பதில் வராது என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள், காரணமும் எழுதாதீர்கள். காரணம் எழுதினால் அதற்கும் ஒரு பதில் வரும்.

பயண விவரம் சுருக்கமாக. தானா மேரா படகு முனையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா விதியை இப்போதே பாருங்கள், முனையத்தில் வரிசையில் நின்றுகொண்டு அல்ல. செப்டம்பரில் சில ஆண்டுகள் புகைமூட்டம் வருவதுண்டு. 2015-இல் ஒரு நாள் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. அதனால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக எடுங்கள். பிந்தான் நேரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். அங்கே இறங்கியதும் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். அதில் ஒன்றும் செய்யாதீர்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது மணி அடித்தே பழகிய நமக்கு எளிதில் வராது. அதற்கு ஓர் ஒத்திகை சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை சாங்கி படகுத்துறைக்குப் போய் புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுக்குக் காத்திருங்கள். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஒன்பது பேர் இருக்கிறீர்கள், மூன்று பேர் வர வேண்டும். படகுக்காரர் அவசரப்பட மாட்டார். தலைக்கு மேல் விமானம் இறங்கும், தண்ணீரில் டீசல் வாடை இருக்கும். அந்தக் கால் மணி நேரம் உங்கள் கை எத்தனை முறை கைபேசியைத் தேடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிந்தானில் எதோடு போராடப் போகிறீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பையனையும் அழைத்துப் போகலாம். உபினில் காட்டுப்பன்றி பார்த்தால் ஒரு வாரம் அதையே பேசுவான்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். விடுமுறை நாளிலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதா, பள்ளி வாசலைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறதா? அப்படியென்றால் பிந்தான் போதாது, பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தாங்க முடியாமல் போகும் இரவில் 1767 என்ற எண்ணில், மனம் உடைந்தவர்களுக்குக் கைகொடுக்கும் எஸ்ஓஎஸ் அமைப்பினர் 24 மணி நேரமும் பேசக் காத்திருக்கிறார்கள். பள்ளித் தலைவரிடமும் பேசுங்கள், அழுது தீர்க்க அல்ல. மூன்று வகுப்புகளையும் ஒருவரே சுமப்பதில் எந்த வகுப்பை அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு மாற்ற முடியும் என்று கேளுங்கள். கடலால் கால அட்டவணையைத் திருத்த முடியாது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். நாகப்பட்டினத்துக் கடலை அவர் சொல்வது கேலியா, ஊர் ஏக்கமா என்பது எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. திரும்பும்போது அவருக்கு ஒரு பொட்டலம் கெரோப்போ, அதாவது இறால் அப்பளம், வாங்கி வாருங்கள். இறால் சாப்பிட மாட்டார் என்றால் எம்பிங் என்று கேளுங்கள். மெலிஞ்சோ கொட்டையைத் தட்டிப் பொரிப்பது. லேசாகக் கசக்கும், தேநீரோடு நன்றாக இருக்கும்.